திரும்பிப் போக வேண்டிய தேயிலை

தேயிலை விலை விழுந்த அந்த வருஷங்களில் நீலகிரி மலை முழுவதும் சிலோனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. எனக்கு அதில் ஒன்றும் புதிதில்லை. சின்ன வயதிலிருந்தே அந்தப் பக்கம் பார்த்துப் பொறாமைப்பட்டுப் பழகியவள் நான். ஊரே காய்ச்சலில் விழும்போது, ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வருமல்லவா, அது எனக்கு வந்தது. படுங்கள், நீங்களும் கொஞ்சம் படுங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குப் பொறாமை தேயிலைமேல். எனக்கு என் அக்காமேல்.

நாங்கள் பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். தீபாவளிக்கு அவளுக்குப் புதுப் பாவாடை வரும், அவள் போட்டுக் கழித்தது எனக்கு வரும். அவளுக்கு இடுப்புவரை முடி, எனக்கு எலி வால். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான், வளர்ந்தால் போய்விடும் என்பார்கள். போயிருக்கும். ஆனால் நாங்கள் வளர்ந்து முடிப்பதற்குள் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அந்த மனுவில் அம்மாவும் நானும் இருந்தோம். அக்காவுக்கு அதற்கு முன்பே அதே தோட்டத்தில், மேல் லயத்தில் கல்யாணமாகியிருந்தது. அவள் புருஷன் வீட்டார் அந்த நாட்டிலேயே இருக்க மனுப் போட்டிருந்தார்கள். ஆக அவள் அங்கே, நாங்கள் இங்கே.

கப்பலில் ராமேஸ்வரம் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் நெல்லியாளம் பக்கம் ஒரு தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயும் லயம், அங்கேயும் கொழுந்துக் கூடை, அங்கேயும் அட்டைக்கடி. "இதுக்கு எதுக்குக் கப்பலு?" என்று அம்மா கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை. சில வருஷங்களில் அப்பாவும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. கூடலூரில் டைப்ரைட்டிங் படித்தேன். குன்னூரில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெலிங்டன் போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு பிடித்து அம்மாவை அழைத்துவந்தேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. சிலோன்காரி என்று சிலர் ஒதுங்கினார்கள், கிழவியைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்று சிலர் ஒதுங்கினார்கள். அக்காவுக்கு அங்கே புருஷன், டவுனில் கடை வைத்த மகன், மாடி வீடு. எனக்கென்று உலகத்தில் இருந்தது அம்மா ஒருத்திதான்.

அந்த ஒருத்தியும் முழுசாக எனக்கு இல்லை. வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய பிறகு அவளைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, வெளியே கூட்டிப் போவது எல்லாம் நான். காலையில் ஆபீஸுக்கு ஓடுவதற்கு முன்னால் டீ போட்டுக் கையில் கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்ப்பாள்.

"தேத்தண்ணின்னா அது நம்ம தோட்டத்துத் தேத்தண்ணி. இது என்னமோ கழுவின தண்ணி. பெரியவ குடுத்து வச்சவ."

தினமும் இதே பாட்டு. நான் தேயிலைக் கடையை மாற்றிப் பார்த்தேன், பாலைக் கூட்டிப் பார்த்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன். கொடுத்து வைத்தவள் என்னவோ கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

இனி விலை விழுந்த கதை. ரஷ்யாக்காரர்கள் வாங்கிய காலத்தில் எங்கள் மலைத் தேயிலைக்குக் கேள்விமுறை கிடையாது. முற்றின இலை, குச்சி, எதைப் பறித்துப் போட்டாலும் அரைபட்டுக் கப்பலேறியது. அந்த நாடு உடைந்து, ரூபாய்க்கு விற்கிற ஏற்பாடும் கைவிட்டுப் போனபோதுதான் மற்ற நாட்டுக்காரர்கள் எங்கள் தேயிலையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிப்பது தெரிந்தது. பச்சைக் கொழுந்தின் விலை பறிக்கிற கூலிக்குக் காணவில்லை. படுகர் ஊர்களில் பலபேர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாக நின்றது. கேத்திப் பள்ளத்தாக்குக்காரர்களாவது கேரட்டு முட்டைக்கோசு வைத்துப் பிழைத்தார்கள். தேயிலையை மட்டும் நம்பியவர்கள் நகையை அடகு வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் சிலோனோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து வருகிற தேயிலைக்கு வரிச் சலுகை. எங்களைப் போன்ற ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. வெளிநாட்டுத் தேயிலையை வரியே கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். நம் தேயிலையோடு கலந்து, குறித்த காலத்துக்குள் வெளிநாட்டுக்கே அனுப்பிவிட வேண்டும். உள்நாட்டில் ஒரு சிட்டிகை விற்கக்கூடாது. விற்க மாட்டோம் என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். பத்திரத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இதைக் கொஞ்சம் சுத்தமா அடிச்சுக் குடுங்க. ஒரு கிலோ உள்ள தங்கிப்போச்சுன்னாலும் நம்ம லைசென்ஸ் போயிரும், பாத்துக்குங்க. வெளிய வேற வெவசாயிங்க கல்லைக் கையில வெச்சுட்டு நிக்கறாங்க."

வந்த சரக்கு இங்கே தங்காது, திரும்பிப் போகும் என்று வரிக்கு வரி அடித்தேன். எங்கள் குடும்பத்துக்கு எழுதிய பத்திரத்தில் இருந்தது நேர் எதிர். வந்தவர்கள் இங்கேயே தங்குவார்கள், திரும்பிப் போகமாட்டார்கள். இலைக்கு ஒரு சட்டம், இலை பறித்தவளுக்கு ஒரு சட்டம். யாரிடம் போய்க் கேட்பது?

சரக்கு வந்ததும் ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து எங்கள் டேஸ்டர் உறிஞ்சித் துப்பிக்கொண்டு போனார். எங்கள் மலைத் தேயிலைக்கெல்லாம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சிலோன் கோப்பைக்கு வந்ததும் நின்றுவிட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். "அட, இதுல ஒரு உசிர் இருக்குதுங்க" என்றார். கூட நின்ற குமாஸ்தாக்கள் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் ஒருத்தி சொல்வது போதாதென்று ஆபீஸிலும் அதே பாட்டு.

இந்த நிலைமையில்தான் அக்கா வருகிறேன் என்று எழுதினாள். அம்மா உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டுமாம். அம்மா அதைக் கேட்ட நாளிலிருந்து, அதுவரை நான் கெஞ்சியும் கட்டாத புதுச் சேலையை எடுத்து வைக்கச் சொன்னாள்.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் போய் நின்றேன். அக்கா ரயிலிலிருந்து இறங்கினாள். எனக்கு முன்பக்கம் நரைத்துவிட்டது, அவளுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. சாயமாக இருக்கும் என்று முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துச் சமாதானப்பட்டேன். கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், பொய் இல்லை. அழுதுகொண்டே அவள் வளையல்களைப் பார்த்தேன்.

குன்னூருக்குப் பஸ் ஏறினோம். பர்லியாறில் பஸ் நின்றுவிட்டது. சிறு விவசாயிகள் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து சீல் இல்லாத இறக்குமதித் தேயிலை ஏறக்கூடாது என்று லாரிகளை நிறுத்தி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, கஸ்டம்ஸ் சீல் சரியாக இருக்கிறதா என்று சோதித்துத்தான் விடுவார்கள். லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. எல்லோரும் இறங்கிக் கை காலை உதறினோம்.

பந்தலில் பெரிய கெட்டிலில் டீ காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் தேயிலையைக் குடித்துப் பாருங்கள், இதற்கா விலை இல்லை என்று கேட்பதற்காக. அக்காவுக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. அம்மாவின் அதே முகம்.

நான் கையைப் பிடிப்பதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஐயோ பாவம், இந்தத் தண்ணியவா குடிக்கிறீங்க? இருங்க, எங்கிட்ட நல்ல சிலோன் தேயிலை இருக்கு. போட்டுக் குடிச்சிட்டுக் கதைங்க." பையைத் திறந்து பாக்கெட்டுகளை எடுத்துப் பெஞ்சின்மேல் அடுக்கினாள்.

கொல்லன் தெருவில் ஊசி விற்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். கொல்லன் பட்டினி கிடக்கும் பந்தலில் போய் ஊசியைத் தானம் கொடுத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளை முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவர்தான் அங்கே தலைவர் போலிருந்தது. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளவட்டங்கள் படுக பாஷையில் கத்தினார்கள். ரோட்டில் கொட்டு என்பது பாஷை தெரியாமலே புரிந்தது.

கொட்டட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அக்கா திருதிருவென்று முழித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கொண்டாந்தேன், நம்ம தோட்டத்துத் தேயிலைங்க" என்று அழ ஆரம்பித்தாள். வேறு வழியில்லாமல் நான் சட்டம் பேசினேன். இது வியாபாரச் சரக்கு இல்லை, ஏர்போர்ட்டில் பார்த்து விட்டதுதான், தாய்க்கு மகள் கொண்டுவந்தது என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "நீங்க அந்த எக்ஸ்போர்ட் ஆபீசு அம்மாதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப உங்களுக்கு ரூல் தெரியும். வெளிநாட்டுத் தேயிலை வரலாம். உள்ள இறங்கக்கூடாது. வந்த மாதிரியே திரும்பிப் போகணும். அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க கவர்மெண்டுக்கு?"

அப்படித்தான்.

"சரி. உங்க அக்கா போகும்போது இதையும் கொண்டு போகட்டும். சீல் வைக்கிறோம். போறப்ப இங்க காட்டிட்டுப் போங்க. சீல் ஒடைஞ்சிருந்துச்சுன்னா உங்க கம்பெனி கேட்டு முன்னாடி பந்தல் போடுவோம்."

பாக்கெட்டுகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு, கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்து பையின் வாயைத் தைத்தார்கள். தையல்மேல் காகிதம் ஒட்டி, சங்கத்து ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த குஷியைச் சொல்லி முடியாது. எத்தனையோ வருஷமாக என் டீயைக் கழுவின தண்ணியாக்கிய தேயிலைக்கு, என் கண்முன்னால் வாயைத் தைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தேயிலை கொண்டாந்தியா?"

நடந்ததைச் சொன்னோம். தைத்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். துணியையும் மீறி வாசம் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பை அவள் கட்டில் தலைமாட்டில்தான். காலையில் நான் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். ஆபீஸில் முதலாளிக்கும் விஷயம் போய்விட்டது. "அம்மிணி, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன், அந்தப் பையைத் தொட்டுப் போடாதீங்க" என்றார். நான் ஏன் தொடப்போகிறேன்? அந்தச் சீல் உடையாமல் என்னைவிடப் பத்திரமாகக் காத்தவர்கள் மாவட்டத்திலேயே கிடையாது.

அக்கா வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா திடீரென்று சொன்னாள்.

"இங்க பிரிக்கக் கூடாதுன்னா, நான் அங்கேயே வந்து குடிச்சுக்கிறேன்."

அக்கா அரிவாள்மனையிலிருந்து எழுந்துவிட்டாள். "மெய்யாவாம்மா? வாறியா?"

"உசிர் போறதுக்குள்ள ஒரு நல்ல தேத்தண்ணி குடிக்கணும். அங்கதான் பொறந்தேன், அங்கேயே கெடக்கிறேன்."

என் கை அவள் தலைமேல் அப்படியே நின்றது. எண்ணெய் நெற்றியில் வழிந்தது. அவள் துடைத்துக்கொண்டு மேலே பேசிக்கொண்டு போனாள். யார் கூட்டிப் போவது, ஏரோப்ளேனில் இடுப்பு வலிக்குமா, அங்கே குளிர் எப்படி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. சீல் வைத்ததைப் பார்த்து நான் சிரித்தேன், அது என் அம்மாவையே கொண்டுபோகக் கிளம்பிவிட்டது.

மத்தியானம் அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். "பாஸ்போட்டு, விசா எல்லாம் எப்படின்னு உனக்குத்தானே தெரியும். உன் ஆபீஸ்ல இதானே வேலை. நீயே எழுதிக் குடுத்துடேன்."

தேயிலையை ஏற்றுமதி செய்யப் பத்திரம் அடிக்கிறவள் தாயையும் ஏற்றுமதி செய்யப் பத்திரம் அடிக்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் அவள் சாயம் போட்ட முடியைப் பிடித்து ஆட்டியிருப்பேன். "முப்பது நாள்தான் கொடுப்பான். அதற்கப்புறம் திருப்பி அனுப்பிடுவான்" என்றேன்.

"நீட்டிக்கலாமாம். எங்க மகனுக்கு ஆள் தெரியும்."

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. எனக்கு அம்மா மட்டும்தானே, அதையுமா? பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்ததெல்லாம் அவள் போட்டுக் கழித்தது. அம்மா ஒருத்திதான் நான் முதலில் எடுத்து உடுத்தியது. அதையும் கேட்டு வந்து நிற்கிறாள், அதுவும் எவ்வளவு சாதுவாக.

நாலைந்து நாள் அந்த விசாப் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. அவள் போவது தேத்தண்ணிக்காகத்தானே? அதை இங்கேயே குடித்துவிட்டால் போவதற்கு என்ன இருக்கிறது? கம்பெனி கேட்டில் பந்தல் போடட்டும், லைசென்ஸ் போகட்டும், முதலாளி என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்துப் பையின் தையலை அறுத்தேன். அக்கா, "ஐயோ, அந்த ஆளுங்க!" என்றாள். "நீ தண்ணியை வை" என்றேன்.

அக்காதான் போட்டாள். தோட்டத்து வழக்கப்படி பால் இல்லாமல், சீனியும் கலக்காமல். அம்மாவின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி வைத்தாள். அம்மா சீனியை ஒரு நக்கு நக்கி, ஒரு வாய் குடித்தாள். இன்னொரு நக்கு, இன்னொரு வாய். கண்ணை மூடினாள். அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. நான் எத்தனை வருஷம் குளிப்பாட்டிய முகம் அது.

"இதான்" என்றாள்.

அவ்வளவுதான், என் யோசனை பாழ். ருசி பார்க்காதவரையில் மறந்தாலும் மறந்திருப்பாள், நானே பையைப் பிரித்து ஞாபகப்படுத்திவிட்டேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அம்மாவின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஆசை காட்ட ஆரம்பித்தாள்.

"அங்க வந்தா தினம் இதாம்மா. காலையில ரொட்டி, தேங்காச் சம்பல். சம்பலும் மிக்சியில இல்ல, அம்மியில. நீ விட்டுட்டு வந்தியே, அதே அம்மி. எங்க அத்தை, அவரோட அம்மா, அதுலதான் அரைப்பாங்க. புது வூட்டுக்கு மாறுனப்போ எந்தச் சாமானை விட்டாலும் இதை விடமாட்டேன்னு லொறியில ஏத்திக் கொண்டாந்துட்டாங்க."

அம்மா கண்ணைத் திறந்தாள். "எந்த அம்மி?"

"நம்ம லயத்துக் காம்பராவுக்குப் பின்னால கெடந்ததே."

"அது எங்கம்மா எனக்குக் குடுத்தது."

"அதாம்மா சொல்றேன், பத்திரமா இருக்கு."

"குழவி?"

"அதுவும் இருக்கு. தேஞ்சு பாதியாயிருச்சு. அவ்வளவு அரைச்சிருக்காங்க, பாத்துக்கயேன்" என்று அக்கா சிரித்தாள். பெருமையாகச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள் பாவி.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் மீதி இருந்த சீனியைச் சேலையில் துடைத்தாள்.

"நான் வரல."

"என்னம்மா?"

"எங்கம்மா குடுத்த குழவியை ஒருத்தி பாதியாக்கித் தின்னிருக்கா. நான் போயி, அவ அரைச்சுப் போடுற சம்பலை விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்து திங்கணுமா? எனக்கு உன் தேத்தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மிச்சத்தை எடுத்துக்கிட்டுப் போ."

அக்கா அழுதாள், கெஞ்சினாள், அம்மியை உனக்கே கொடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு இறக்கை முளைத்தது போலிருந்தது. கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒரு சம்பந்தி அம்மாள் அரைத்த சம்பலுக்கெல்லாம் சேர்த்து மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன். விசாப் படிவத்தைக் கிழித்து அடுப்பில் போட்டு, அதிலேயே ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

அக்கா புறப்பட்ட அன்று பர்லியாறில் இறங்கினோம். முண்டாசுப் பெரியவர் பையை வாங்கி அறுந்த தையலைத் தடவிப் பார்த்தார்.

"பிரிச்சிட்டீங்க."

"எங்கம்மா ஆசைப்பட்டாங்க. ஒரு பாக்கெட் மட்டும் பிரிச்சோம்" என்றேன். கம்பெனி கேட்டில் பந்தலும் முதலாளியின் கும்பிடும் கண்முன் வந்து போயின.

அவர் பையை முகர்ந்து பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "குடிச்சிட்டு என்ன சொன்னாங்க?"

"இதான்னு சொன்னாங்க."

"நம்ம தேயிலையைக் குடிச்சா?"

சொல்லவா வேண்டாமா என்று பார்த்தேன். "கழுவின தண்ணின்னுவாங்க."

சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள். பெரியவர் பிரித்த பாக்கெட்டை எடுத்து, கெட்டிலைக் கழுவிப் புதுத் தண்ணீர் வைக்கச் சொன்னார். உள்நாட்டில் ஒரு சிட்டிகை இறங்கக்கூடாது என்று ரோட்டை மறித்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு அரை டம்ளர் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "ஒண்ணும் பெரிசா இல்லை" என்று பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினார். கம்பெனி முன்னால் பந்தல் போடுகிற பேச்சு அதோடு போயிற்று. மீதிப் பாக்கெட்டுகளோடு அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

அம்மா அதற்கப்புறம் பல வருஷம் இருந்தாள். தோட்டத்துத் தேத்தண்ணியைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை. பெரியவ கொடுத்து வைத்தவள் என்றும் சொல்லவில்லை. நான் போட்டுக் கொடுக்கும் டீயை ஒரு குறையும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாள் போன பிறகுதான் கவனித்தேன், டம்ளரைக் கையில் வாங்கியதும் அவள் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

"இந்நேரம் அந்தப் பொம்பளை என் அம்மியில என்ன அரைச்சிக்கிட்டு இருப்பா?"

மிளகாயா, தேங்காயா, மஞ்சளா என்று அவளே யோசிப்பாள். எழுந்திருப்பாளா, இன்னும் தூங்குவாளா என்பாள். குழவி இன்னும் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று விரலை மடக்கி அளவு பார்ப்பாள். தினமும், நான் செருப்பை மாட்டி வாசல் தாண்டும்வரை இதே பேச்சுதான். அக்காமேல் இருந்த பொறாமை எனக்கு எப்போது விட்டது என்றே தெரியவில்லை. அது முழுசாக அந்தச் சம்பந்திக் கிழவியின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் ஆபீஸில் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று அம்மா ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.